கிரில்லுக்குள் ஒரு வாசல்

பாலக்கரையில் நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த கிரில் பட்டறையில், போன மாதம் லேசர் வெட்டும் மெஷின் வந்து இறங்கியது. இப்போது பட்டறையை நடத்துகிற ஷாஹின் போன் செய்து, "அக்கா, நீங்க வந்து நிக்காம சுவிட்ச் போட மாட்டேன்" என்றாள். போனேன். கம்ப்யூட்டரில் மயில் வரைந்து கொடுத்தால் இரும்புத் தகட்டில் மயில் வெட்டி வருகிறது. எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்த தோகை அதற்குப் பத்து நிமிஷம். சந்தோஷமாகக் கை தட்டினேன். தோகைக்காக நான் பட்ட முட்டி வலி எனக்குத்தானே தெரியும்.

அங்கே டிசைன் போட இரண்டு பெண்கள் புதிதாக வந்திருக்கிறார்கள். ஒருத்தி கேட்டாள்: "முன்னாடி டிசைனெல்லாம் யாரு போட்டதுக்கா?"

"நான்தான்."

"எதுல போடுவீங்க?"

"தரையில."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஷாஹின் சிரிக்கவில்லை. "அக்கா, அந்த ஸ்ரீரங்கத்து வீட்டுக் கதையை ஒரு தடவை எழுதிக் குடுத்துடுங்க. வேலைக்குச் சேர்ற ஒவ்வொருத்தரும் படிக்கட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். ஆனால் ஸ்ரீரங்கத்துக்குப் போவதற்கு முன்னால், தரையில் வரைய நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. லால்குடிப் பக்கம் நெல் விளைகிற ஊர். கல்யாணமாகிப் பாலக்கரைக்கு வந்தேன். இரண்டாவது பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் எங்கள் தெருமுனையில் இருந்த ஜமால் பாயின் பட்டறையில் சேர்ந்தேன். வெல்டிங் முடிந்து வருகிற கிரில்லுக்கு உப்புத்தாள் தேய்த்து, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடிக்கிற வேலை. வீட்டுக்குப் போகும்போது நகக்கண்ணெல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கும்.

ஜமால் பாய் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பட்டறையில் கிரைண்டர் கத்திக்கொண்டிருக்கும், சம்மட்டி விழுந்துகொண்டிருக்கும், அவர் மட்டும் மசூதிக்குள் நடப்பது போல நடப்பார். ஒரு கிரில்லில் தப்பு இருந்தால், பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். வேலை செய்தவன்தான் வட்டத்துக்குள் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். திட்டு வாங்குவதே மேல் என்று வெல்டர்கள் அழுவார்கள். கடைசியாக, ஒரு மட்டை உரித்த தேங்காயைக் கொண்டுவந்து கம்பிக்குக் கம்பி நுழைத்துப் பார்ப்பார். எங்கேயாவது தேங்காய் உள்ளே போய்விட்டால் அந்தக் கிரில் பட்டறையை விட்டு வெளியே போகாது. "தேங்கா போனா புள்ளை தலையும் போகும்" என்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் துறையூர் வீடு ஒன்றுக்குப் போன நான்கு கிரில்லில் இரண்டு திரும்பி வந்துவிட்டன. ஜன்னலில் உட்காரவில்லை. வெல்டர்கள் கொத்தனார் மேல் பழி போட்டார்கள், கொத்தனார் எங்கள் மேல் போட்டார். நான் பிரைமர் அடித்த கிரில் என்பதால் எனக்கும் எரிச்சல். மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது ஒரு நூலை எடுத்து கிரில்லின் மூலைக்கு மூலை பிடித்தேன். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு நீளம், மற்ற இரண்டு மூலைக்கு வேறு நீளம். அரை விரல் வித்தியாசம். கிரில் சதுரமாக இல்லை, கோணிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் பாய் நின்றுகொண்டிருக்கிறார்.

"எங்க கத்துக்கிட்டம்மா இதை?"

"பெரிய கோலம் போடறப்ப இப்படித்தான் பாய் நூல் புடிச்சுப் பார்ப்போம். இல்லைன்னா ஒரு பக்கம் சாஞ்சிடும்."

மறுநாள் காலையில் பாய் என் கையில் பிரஷ்ஷுக்குப் பதிலாக சாக்பீஸைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் கற்றுக்கொண்டேன். ஜன்னலை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூலைக்கு மூலை அளக்க வேண்டும். பூச்சு முடிந்ததா, முடியவில்லையா என்று கேட்க வேண்டும். பட்டறைக்கு வந்ததும் சிமெண்ட் தரையைக் கழுவிக் காயவிட்டு, ஜன்னலின் முழு அளவில் படம் வரைய வேண்டும். அந்தக் கோட்டின் மேல்தான் பட்டையையும் சதுரக் கம்பியையும் வளைத்து வைத்து வெல்டிங்கில் பற்ற வைப்பார்கள். அதனால் என் கோடு தப்பினால் இரும்பும் தப்பும்.

யாருக்கு என்ன வேண்டும் என்பதையும் பாய்தான் சொல்லிக்கொடுத்தார். துறையூர்க்காரர்கள் உதிக்கிற சூரியன் கேட்பார்கள். எங்கள் பாலக்கரையிலேயே ஒரு வீட்டில் சிலுவையும் திராட்சைக் கொத்தும், அடுத்த வீட்டில் எட்டுமூலை நட்சத்திரம். ஸ்ரீரங்கத்துக்கு முதன்முதலாக அளவெடுக்கப் போனபோது பாய் கூப்பிட்டு நிறுத்தினார். "நாமம் கேப்பாங்க. வாசக் கதவுல இருக்கற நாமத்துக்குப் பாதம் இருக்கா, இல்லையான்னு பார்த்துட்டு வா. மாத்தி வரைஞ்சுட்டா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க" என்றார். ஐந்து வேளை தொழுகிற மனுஷன் தென்கலை நாமத்துக்கும் வடகலை நாமத்துக்கும் வித்தியாசம் சொன்ன அழகை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

பத்து வருஷம் இப்படி ஓடியது. என் கிரில் இல்லாத தெரு திருச்சியில் குறைவு என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. அந்தக் கர்வத்தை உடைத்தது எங்கள் தெருவில் நடந்த ஒரு விஷயம்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, மாடியில் குடியிருந்த தம்பதி. ஒரு காலை நேரம், சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து, வாசலை ஒட்டி இருந்த திரைச்சீலைக்குத் தாவிவிட்டது. இரண்டு பேரும் படுக்கையறைக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் இருமிய இருமல் தெரு முழுக்கக் கேட்டது. ஏணி போட்டு நாலு ஆம்பளைகள் ஏறிக் கடப்பாரையால் கிரில்லைப் பெயர்த்தார்கள். அரை மணி நேரம். சுவர்தான் உடைந்தது, கிரில் அசையவில்லை. கடைசியில் சுவரோடு சேர்த்து இழுத்து இரண்டு பேரையும் இறக்கினார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. கடப்பாரை பிடித்தவர்களில் ஒருத்தர் ஏணியிலிருந்து இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "யாருடா செஞ்ச கிரில்லு, இரும்புக் கோட்டை மாதிரி" என்றார், பாராட்டாக.

கீழே விழுந்து கிடந்த கிரில்லில் இருந்த அன்னம் நான் வரைந்தது.

அன்றைக்கு என்னால் வேலை செய்ய முடியவில்லை. பாயிடம் போய், "இனிமே மாடி ஜன்னலுக்குத் திறக்கிற மாதிரி ஒரு கதவு வச்சுத்தான் வரைவேன் பாய்" என்றேன்.

அவர் சொன்னார்: "வர்றவங்க திருடனுக்குப் பயந்துதான் கிரில் போட வர்றாங்க. அவங்ககிட்ட போயி இதுல ஒரு கதவு வைக்கிறேன்னா ஒத்துக்குவாங்களா? நீயே பேசிச் சம்மதிக்க வைக்கிறதா இருந்தா வரை."

நிறையப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. சிலர் ஒத்துக்கொண்டார்கள். அப்படியே சில வருஷம் போனது. அப்போதுதான் கோவிந்தராஜன் சார் வந்தார்.

ஸ்ரீரங்கத்தில் பூஜை சாமான் கடை வைத்திருந்தவர். மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பகலில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு மொட்டை மாடி வழியாக வந்து, மாடி அறையின் பழைய மரக்கம்பிகளை அறுத்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். போனது அவர் மனைவியின் சாமான்கள். அந்த அம்மா தினம் போட்டுக்கொண்டிருந்த ஒரு ஜோடி தோடும் அதில் போய்விட்டது. அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

அளவெடுக்கப் போனேன். இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய ஒடுங்கிய வீடு. மாடிக்கு ஒரே படிக்கட்டு, அதுவும் கீழே கூடத்துக்குள்ளிருந்துதான் ஏறும். தெருப்பக்கம் சின்னச் சின்ன ஜன்னல்கள். பின்னறையில் மட்டும் ஒரு பெரிய ஜன்னல். அதற்கு நேர் கீழே, இரண்டடி இறக்கத்தில், பக்கத்து வீட்டு மொட்டை மாடி. திருடன் வந்த வழி அதுதான். படிக்கட்டு அடைபட்டால் அந்த வீட்டுக்காரர்கள் தப்பிக்க இருக்கிற ஒரே வழியும் அதுதான்.

சொன்னேன். கோவிந்தராஜன் சார் முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, அவன் நுழைஞ்ச எடத்துலயே கதவு வைக்கணும்கறியே! உனக்கே நன்னா இருக்கா?"

பின்னால் நின்ற அவர் மருமகள் வைதேகி, இடுப்பில் கைக்குழந்தையோடு, "அப்பா, அவங்க சொல்றதுல வாஸ்தவம் இருக்குப்பா" என்றாள் மெதுவாக. அவள் சொன்னதற்காகத்தான் அரைமனதாகத் தலையாட்டினார்.

திறக்கிற கதவு வைத்தால் டிசைன் நடுவில் கோடு விழும். மயிலை இரண்டாக வெட்டினது போலத் தெரியும். இரண்டு நாள் தரையில் வரைந்து வரைந்து அழித்தேன். மூன்றாம் நாள், கதவை மறைப்பானேன், கதவையே படமாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. ஜன்னல் நடுவில் ஒரு நிலைவாசல், மேலே மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் சங்கும் சக்கரமும். பார்க்கிறவர்களுக்கு அலங்காரம். உண்மையில் அது இரண்டடி அகலம், மூன்றடி உயரத்தில் உள்பக்கம் திறக்கிற கதவு. சாருக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. மாட்டிவிட்டு வந்தோம்.

இரண்டு வாரம் கழித்து, இரண்டாவது கோட்டிங் பெயிண்ட் அடிக்கப் போனால், என் நிலைவாசலில் ஒரு பெரிய பூட்டு தொங்குகிறது.

"சாவி எங்கம்மா?" என்று வைதேகியைக் கேட்டேன்.

"கீழ கூடத்துல, பீரோக்குள்ள" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாரிடம் சண்டையே போட்டேன். "உன் வேலை கிரில் மாட்டறது. ஆயாச்சு. என் ஆத்துல நான் பூட்டுப் போட்டுக்கறேன்" என்று அனுப்பிவிட்டார். பட்டறைக்கு வந்து பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் பாயே என்னோடு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மாடி ஏறி, கிரில்லை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, திருடன் செய்வது போல மடக்கி, பக்கத்துக் கம்பி இடைவெளி வழியாக உள்ளே இருந்த தாழ்ப்பாளைத் தொட்டார். எட்டியது. பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தாழ்ப்பாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பாய் சாரைப் பார்த்து, "நீங்க பயந்தது நியாயம் சார். இது எங்க தப்பு. ஒரு வாரம் டைம் குடுங்க. வெளியில இருந்து யாராலும் திறக்க முடியாதபடி செஞ்சு தரோம். அதுக்கப்புறமும் நீங்க பூட்டுப் போட்டா, நான் கிரில்லைக் கழட்டிட்டுப் போயிடுவேன். பூட்டின கதவு என் பட்டறையில செஞ்சதுன்னு இருக்க வேண்டாம்" என்றார். குரல் உயரவே இல்லை. சார் தலையசைத்தார்.

அந்த ஒரு வாரம் நான் தூங்கினேனா என்றுகூட நினைவில்லை. தாழ்ப்பாள் கைக்கு எட்டக் கூடாது, குச்சி நுழைத்தாலும் நகரக் கூடாது. ஆனால் உள்ளே இருக்கிற ஒரு குழந்தை இருட்டில் தடவினாலும் திறக்க வேண்டும். தகடு வைத்து அடைத்தால் அழகு போய்விடும். நிலைவாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வாசல் நடுவில் ஒரு பூரண கும்பம் வைக்கலாமே என்று தோன்றியது. கம்பியில் வளைக்காமல், கனத் தகட்டில் வெட்டின கும்பம். வெளியிலிருந்து பார்த்தால் கலசமும் மாவிலையும் தேங்காயும் தெரியும். அதன் முதுகுக்குப் பின்னால் பெட்டி போல அடைத்துத் தாழ்ப்பாளை ஒளித்தேன். கைப்பிடி அறைப்பக்கம் மட்டும். கும்பத்தைச் சுற்றிக் கம்பிகளை இரண்டு விரல் இடைவெளிக்கு நெருக்கினேன். கீல் ஊசியைத் தட்டிக் கழற்ற முடியாதபடி முனையைப் பற்றவைக்கச் சொன்னேன்.

மாட்டி முடித்ததும், "சார், நீங்களே பக்கத்து வீட்டு மாடிக்குப் போயி திறந்து பாருங்க" என்றேன்.

போனார். அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு கையை விட்டுப் பார்த்தார். முழங்கையோடு நின்றது. குடைக்கம்பியைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு வளைத்த ஒயர். பிறகு வைதேகியின் சமையலறை இடுக்கி. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஒருத்தர், "சாமி, இடதுகையால டிரை பண்ணுங்கோ" என்று யோசனை வேறு சொன்னார். அரை மணி நேரம் அந்த மனுஷன் தன் வீட்டுக்கே திருடனாக இருந்தார். வேர்த்து விறுவிறுத்து நிமிர்ந்தபோது, உள்ளேயிருந்து வைதேகி ஒரே விரலால் கைப்பிடியைத் தள்ளிக் கதவைத் திறந்து, மாமனாருக்குக் காப்பியை நீட்டினாள்.

சார் காப்பியை வாங்கிக்கொண்டார். கீழே போனதும் பூட்டையும் சாவியையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "எடுத்துண்டு போம்மா. இது இங்க இருந்தா எனக்கு மறுபடியும் புத்தி மாறும்."

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. பாய்க்கு முடியாமல் போய் அவர் மகள் ஷாஹின் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். எனக்கும் முட்டி தேய்ந்துவிட்டது. வேலையை விட இன்னும் ஒரு மாதம் இருந்தபோது ஒரு பிற்பகலில் போன் வந்தது. வைதேகி. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அக்கா, நாங்க மூணு பேரும் நன்னா இருக்கோம். முதல்ல அதைச் சொல்லிடறேன்" என்றாள்.

படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி ஸ்கூட்டரை சார்ஜில் போட்டிருந்திருக்கிறார்கள். மதியம் அது வெடித்துத் தீப்பிடித்துவிட்டது. வைதேகியின் கணவர் ஆபீஸில். மற்ற மூன்று பேரும் மாடியில். சத்தம் கேட்டு வைதேகி அறைக்கதவைத் திறந்தால், படிக்கட்டு முழுக்கக் கறுப்புப் புகை. உடனே சாத்திவிட்டு, குடத்துத் தண்ணீரில் போர்வையை நனைத்துக் கதவிடுக்கில் அடைத்திருக்கிறாள். அதற்குள் மகள் ஆண்டாள் ஜன்னலுக்கு ஓடிவிட்டாள். அன்றைக்கு இடுப்பில் இருந்த கைக்குழந்தை, இப்போது மூன்றாம் வகுப்பு. வைதேகி வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தாழ்ப்பாளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மகளைத் திறந்து மூட வைத்திருக்கிறாள். கைப்பிடி ஒரே தள்ளில் நகர்ந்திருக்கிறது.

முதலில் குழந்தை. அடுத்து, "அப்பா, நீங்க வாங்கோ" என்று வைதேகி கூப்பிட்டபோது, சார், "நீ போ, நான் வரேன்" என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். "நீங்க வராம நான் போக மாட்டேன்" என்று இவள் நின்றிருக்கிறாள். அவர் ஸ்டூலில் ஏறி, கிரில்லைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்து, அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்கிப் பிடிக்க இறங்கினார். கடைசியாக வைதேகி வந்தாள். தீயணைப்பு வண்டி தெருவுக்குள் திரும்பும்போது மூன்று பேரும் பக்கத்து மாடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு, பட்டறை நடுவில் உட்கார்ந்து அழுதேன். ஷாஹின் கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். பாயின் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். கட்டிலில் படுத்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கு நீ மட்டும் புடிவாதம் புடிக்கலைன்னா நான் விட்டுருப்பேன் மங்கை" என்றார். இருபத்து சொச்சம் வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

ஒரு வாரம் கழித்து ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். கூடம் கரிபிடித்திருந்தது, படிக்கட்டைக் கழுவியும் வாடை போகவில்லை. கோவிந்தராஜன் சார் எழுந்து வந்து கை கூப்பினார். நான் பதறிப்போய், "ஐயோ, என்னங்க சார்" என்றேன். அதற்குள் ஆண்டாள் என் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் எப்படிப் போனேன்னு பாருங்கோ" என்று கைப்பிடியைத் தள்ளினாள். கும்பத்தோடு கதவு திறந்தது. அணில் மாதிரி அந்தப் பக்கம் குதித்து, திரும்பி நின்று, "இப்ப நீங்க வாங்கோ!" என்றாள்.

எத்தனையோ ஜன்னலில் இப்படிக் கதவு வைத்திருக்கிறேன். ஒன்றின் வழியாகக்கூட நான் போனதில்லை. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். வைதேகி முதுகைத் தாங்கினாள். முட்டி முனகியது, ஆனாலும் ஏறினேன், குனிந்தேன், தலை இடிக்கவில்லை, தோள் உரசவில்லை. மொட்டை மாடியில் இரண்டு காலும் ஊன்றி நின்றேன். எதிரே ராஜகோபுரம். மேலே வெயில். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அக்கம்பக்கத்து மாடிகளில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று வீடு தள்ளி மாடியில் இருந்த ஒரு அம்மா சத்தமாகக் கேட்டாள்: "அந்தக் கிரில் செஞ்சவங்க நீங்கதானா? எங்க ஆத்து ஜன்னலையும் அளந்துட்டுப் போங்கோ!" இன்னொரு மாடியிலிருந்து ஒருத்தர், "எங்களுக்கும்!" என்றார்.

பையில் டேப் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் ஆறு வீட்டில் அளவெடுத்தேன். அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றிருக்க வேண்டியவள், இரண்டு வருஷம் கழித்துத்தான் நின்றேன்.